ஞாயிற்றுக்கிழமை ரெயின் இல்லை

லண்டன் தமிழ்ச்சனம் எல்லாவற்றிலும் இரண்டாகப் பிரிந்து நிற்கும். கோயில் என்றால் இரண்டு. பழைய மாணவர் சங்கம் என்றால் இரண்டு. தமிழ்ப் பள்ளிக்கூடம் என்றாலும் இரண்டு. ஆனால் ஒரே ஒரு விசயத்தில் எங்களுக்குள் பூரண ஒற்றுமை இருக்கிறது. ரெயில்வேக்காரர் சோம்பேறிகள் என்பதுதான் அது.

"ஞாயிற்றுக்கிழமை திரும்பவும் ரெயின் இல்லையாம் அண்ணை."

"போன கிழமையும்தானே பூட்டினவங்கள்?"

"பஸ் விடுறாங்களாம். ஈஸ்ற்ஹாமிலயிருந்து ஹரோ போய்ச்சேரத் தாலிகட்டு முடிஞ்சிடும்."

"உவங்களுக்கு வேலை செய்ய ஏலாது. ஸ்ரைக் அடிக்க மட்டும் ஏலும்."

கலியாணவீட்டிலும் இதே கதை, அந்தியேட்டி வீட்டிலும் இதே கதை. இந்தப் பதிவு அந்த ஒற்றுமையைக் குழப்புவதற்காக எழுதப்படுகிறது. கோபம் வருகிறவர்கள் இதோடு நிறுத்தலாம். கோபம் வந்தாலும் வாசிக்கிறவர்கள் தொடருங்கள்.

நான் ரெயில்வேயில் வேலை செய்பவன் இல்லை. றெஸ்ரோரன்ற் குசினியில் வேலை செய்பவன். கோப்பை கழுவித் தொடங்கி, வெங்காயம் வெட்டி, இப்போது அடுப்படியில் நிற்கிறேன். அதற்கு முன்பு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் படித்தேன். 2006 ஓகஸ்ட்டில் ஏ9 பாதை பூட்டுப்பட்டது. அதற்குப் பிறகு நடந்தவற்றில் என்னுடைய படிப்பு மட்டும் திரும்பத் திறபடவில்லை.

ரெயில் என்பது எனக்குப் பெரிய உறவும் இல்லை. 1990 இல் யாழ்தேவி நின்றபோது எனக்கு ஏழு வயது. நான் வளர்ந்த காலத்தில் ஊரில் ஸ்ரேசன் இருந்தது, ரெயின் இல்லை. பிறகு தண்டவாளமும் இல்லை, சிலிப்பர் கட்டையும் இல்லை. எல்லாம் பங்கருக்குப் போய்விட்டது. ஆகவே ரெயில் பாதையை யார் பராமரிப்பது, எப்படிப் பராமரிப்பது என்று யோசிக்க வேண்டிய தேவை எனக்கு லண்டன் வரும்வரை வரவில்லை.

இங்கே யோசிக்க வைத்தது நைற் பஸ். இரவு ஒரு மணிக்குப் பிறகு குசினி கழுவி மூடிவிட்டு வருகிற ஆட்களும், செம்மஞ்சள் ஜக்கெற்றும் சேறு பிடித்த சப்பாத்துமாய் வேலைக்குப் போகிற ஆட்களும் ஒரே பஸ்ஸில்தான் இருப்போம். அவர்களில் ரொமேனியாக்காரர், கானாக்காரர், வெள்ளைக்காரர், வங்காளிகள் என எல்லாரும் உண்டு. ஒரு ஆள் தலையைக் கண்ணாடியில் சாத்தி நித்திரை கொள்வதைப் பார்த்தால், அவன் வேலைக்குப் போகிறானா, வேலை முடிந்து வருகிறானா என்று எனக்குச் சொல்லத் தெரியும். வேலை முடிந்து வருகிறவனின் நித்திரை வேறு மாதிரி. ஆனால் வேலைக்குப் போகிறவனும் அதே மாதிரி நித்திரை கொள்ளும் நாட்கள் உண்டு. அந்த நாட்களைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

*

முதலில் கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். படித்த பௌதிகவியலுக்கு இதற்காவது பயன் இருக்கட்டும்.

மணிக்கு நூறு மைல் வேகத்தில் வரும் ரெயின் ஒரு செக்கனில் ஏறக்குறைய 45 மீற்றர் ஓடும். தண்டவாளத்தில் வேலை செய்பவர் ரெயின் வந்து சேருவதற்கு ஆகக் குறைந்தது 10 செக்கனுக்கு முன்பே பாதுகாப்பான இடத்தில் நிற்க வேண்டும் என்பது பிரித்தானிய ரெயில்வேயின் விதி. அந்தப் பத்துச் செக்கனிலேயே ரெயின் 450 மீற்றர் வந்துவிடும். எச்சரிக்கை கேட்டு, நிமிர்ந்து, கையில் இருக்கும் சாமானை வைத்துவிட்டு, சல்லிக்கல்லுக்கு மேலால் நடந்து விலக இன்னொரு பத்துச் செக்கன் வையுங்கள். மொத்தம் 900 மீற்றர். அதாவது ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் தூரத்தில் வைத்தே யாரோ ஒருவர் அந்த ரெயினைக் கண்டிருக்க வேண்டும். பாதையில் வளைவு இருக்கும், பற்றை இருக்கும், பனிப்புகார் இருக்கும், பக்கத்து லைனில் இன்னொரு ரெயின் இரைந்துகொண்டு போகும். இதற்கிடையில் கண்டாக வேண்டும்.

அப்படிக் காண்பதற்கென்று ஒரு ஆளை நிறுத்துவார்கள். அவரை லுக்அவுட் என்பார்கள். கொடியும் ஊதுகுழலும் வைத்துக்கொண்டு ரெயின் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே நிற்பதுதான் அவருடைய முழு வேலை. மற்றவர்களின் உயிர் அவருடைய கண்ணில் இருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீராவி ரெயின் ஓடிய காலத்தில் கண்டுபிடித்த முறை இது. இருபத்தோராம் நூற்றாண்டிலும் இந்த நாட்டில் ஓடிக்கொண்டிருக்கும் ரெயினுக்கு நடுவே மனிதர்கள் இதே முறையில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். தெற்கு லண்டன் பக்கம் என்றால் இதோடு 750 வோல்ற் மின்சாரமும் காலுக்குப் பக்கத்தில் மூன்றாவது தண்டவாளமாய் ஓடும்.

மற்ற வழி என்ன? ரெயினை நிறுத்துவது. அந்தப் பாதையைச் சிக்னல்காரர் பூட்டிவிடுவார். வேலை முடியும்வரை ரெயின் வராது. ஆபத்தே வராத இடத்தில் ஆபத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க ஆள் தேவையில்லை. பெரிய வேலை என்றால் முழுப் பாதையையும் வேலையாட்கள் தங்கள் கையில் எடுத்துக்கொள்வார்கள். பொசெசன் என்று அதற்குப் பெயர். எங்களுடைய தமிழில் அதற்கு இன்னொரு பெயர் உண்டு: "ஞாயிற்றுக்கிழமை ரெயின் இல்லையாம் அண்ணை."

*

2019 யூலை 3, காலை பத்து மணிக்குக் கொஞ்சம் முன்பு. வேல்ஸில் போர்ட் டல்பட் நகருக்குப் பக்கத்தில் மார்கம் என்ற இடம். ஸ்வான்சீயிலிருந்து லண்டன் பாடிங்டனுக்கு வந்துகொண்டிருந்த ரெயின் தண்டவாளத்தில் வேலை செய்துகொண்டிருந்த இருவரை அடித்துக் கொன்றது. மூன்றாவது ஆள் மயிரிழையில் தப்பினார்.

அவர்கள் பெற்றோலில் ஓடும் இயந்திரம் ஒன்றால் பெரிய நட் ஒன்றைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். இயந்திரச் சத்தத்துக்காகக் காதுக்குக் கவசம் போட்டிருந்தார்கள். ரெயின் வரும் சத்தம் கேட்கவில்லை. ரெயின் ஓடும் பாதையில் நின்ற அந்த மூவருக்கும் காவலாக, பார்ப்பதையே வேலையாகக் கொண்டு ஒருவரும் நிற்கவில்லை. அன்று மத்தியானம் 12.30 க்குப் பிறகு அந்தப் பாதையைப் பூட்டி வேலை செய்வதற்கு ஏற்கெனவே கடதாசியில் ஒழுங்கு இருந்தது. வேலை அதற்கு முன்பே தொடங்கிவிட்டது.

இதை வாசித்தவுடன் எங்கள் ஆட்களின் வாயில் வரும் சொல் எனக்குத் தெரியும். "கவனமில்லாமல் நிண்டிருக்கிறாங்கள்." கவனம் என்ற இந்தச் சொல்லை நான் வெறுக்கிறேன். முதலாளிகளுக்கு உலகத்தில் மிகவும் பிடித்த சொல் அது. ஏனென்றால் கவனத்துக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. கவனம் எப்போதும் தொழிலாளியின் சட்டைப்பையிலிருந்துதான் வரவேண்டும். விபத்து நடந்தால் அவன் கொண்டுவந்த கவனம் காணாமல் போய்விட்டது என்று சொல்லிக் கணக்கை மூடிவிடலாம்.

மார்கம் விபத்தை ஆராய்ந்தவர்கள் அப்படிக் கணக்கை மூடவில்லை. ரெயினை நிறுத்திவிட்டுச் செய்யக்கூடிய வேலை ஏன் ஓடும் பாதையில் செய்யப்பட்டது, அப்படிச் செய்வது ஏன் எல்லாருக்கும் சாதாரணமாகப் பட்டது என்று கேட்டார்கள். அதே மாதத்தில் ரெயில்வேக் கட்டுப்பாட்டு அலுவலகம் நெற்வேர்க் ரெயிலுக்குச் சட்டபூர்வமான அறிவித்தல்கள் கொடுத்தது. கொடி பிடிக்கும் ஆளை நம்பி நடத்தும் வேலையைக் குறை, ரெயினை நிறுத்திவிட்டு வேலை செய் என்பதுதான் சாரம். அதன் பிறகு நாடு முழுவதும் லுக்அவுட் முறை மளமளவென்று குறைக்கப்பட்டது. இரண்டு பேர் சாகவேண்டி வந்தது. அதற்கு முன்பு பலர் செத்திருந்தார்கள். 2018 நவம்பர் 6 அதிகாலை தெற்கு லண்டன் பேர்லிக்குப் பக்கத்தில் ஒருவர். மார்கத்துக்குப் பிறகும், 2021 பெப்ரவரியில் சேர்பிற்றனில், ரெயின் ஓடும் பாதையைப் பரிசோதித்துக்கொண்டிருந்த ஒருவர்.

சேர்பிற்றன் எங்கே இருக்கிறது என்று தெரியும்தானே? நியூமோல்டனுக்கு அடுத்தபடி. எங்கள் சனம் நிறைய வாழும் இடம். அன்று அந்த லைனில் ரெயின் பிந்தியதற்கு எத்தனை பேர் "ச்சா" என்றிருப்பார்கள்?

*

ரெயின் இல்லாத நேரம் என்பது ஒரு பாதுகாப்பு. இரண்டாவது பாதுகாப்பு நித்திரை.

1988 டிசம்பர் 12, திங்கட்கிழமை காலை 8.10. கிளப்ஹம் சந்திக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்த ரெயினின் பின்பக்கத்தில் இன்னொரு ரெயின் வந்து மோதியது. 35 பேர் செத்தார்கள். சிவப்பு எரிந்திருக்க வேண்டிய சிக்னல் எரியவில்லை. காரணம் ஒரே ஒரு வயர். சிக்னல் வயர்களைப் புதிதாக மாற்றும் வேலையில் ஒரு பழைய வயர் வெட்டப்படாமல், சுற்றிக் கட்டப்படாமல் விடப்பட்டது. அது திரும்பப் போய்ப் பழைய இடத்தில் முட்டிக்கொண்டு நின்றது.

"பார், கவனயீனம்" என்கிறீர்கள். பொறுங்கள். அந்த வேலையைச் செய்த தொழில்நுட்பவியலாளர் அதற்கு முந்திய 13 கிழமையில் எத்தனை நாள் லீவில் இருந்தார் தெரியுமா? ஒரு நாள். 13 கிழமைக்கு ஒரே ஒரு நாள். அவர் செய்ததைச் சரிபார்த்திருக்க வேண்டியவர்களும் சரிபார்க்கவில்லை. விசாரணை நடத்திய அந்தோனி ஹிடன் 1989 இல் கொடுத்த அறிக்கையில் இதையெல்லாம் எழுதினார். அதிலிருந்துதான் ரெயில்வேயில் ஹிடன் வரம்புகள் என்று சொல்லப்படும் கணக்கு வந்தது: ஒரு சிப்ட் 12 மணித்தியாலத்துக்கு மேல் போகக்கூடாது, இரண்டு சிப்டுக்கு இடையில் 12 மணித்தியாலம் இருக்க வேண்டும், கிழமைக்கு 72 மணித்தியாலத்தைத் தாண்டக்கூடாது, 14 நாளில் 13 தடவைக்கு மேல் வேலைக்கு வரக்கூடாது.

72 மணித்தியாலம் என்பதே கொடுமை. ஆனாலும் ஒரு கோடு கீறப்பட்டது. களைத்த மனிதன் ஒரு ஆபத்து என்பது எழுத்தில் வந்தது.

இனி அந்தக் கோட்டை எப்படிச் சுற்றிப்போவது என்று பார்ப்போம். 2013 யூன் 18. வட இங்கிலாந்தின் டொன்காஸ்டரில் ரெனௌன் கன்சல்டன்ஸ் என்ற ஒப்பந்த நிறுவனத்தின் தொழிலாளர் ஒருவர் விடியப்புறம் 4.30 அளவில் வானில் புறப்பட்டு நொர்தம்பர்லண்டில் உள்ள அல்ன்மௌத் வரை ரெயில்வே வேலைக்குப் போனார். திரும்பி வந்தார். அன்றிரவே ஸ்ரீவனேஜில் தண்டவாளம் ஒட்டும் வேலை இருக்கிறது என்று இன்னொரு தொழிலாளியோடு அங்கே அனுப்பப்பட்டார். இரவு முழுக்க வேலை. 19 ஆம் திகதி விடியப்புறம் திரும்பும் வழியில், நியூவார்க்குக்குப் பக்கத்தில், வான் ஓட்டிய இருபது வயதுப் பெடியன் நித்திரையாகிப் போனான். வான் நின்றுகொண்டிருந்த லொறியில் மோதி இருவரும் செத்தார்கள். 25 வயதுக்குக் குறைந்தவர்கள் வான் ஓட்டக்கூடாது என்பது அந்த நிறுவனத்தின் சொந்த விதி. களைப்பைப் பற்றியும் அவர்களிடம் விதி இருந்தது. எல்லா விதியும் பைலுக்குள் பத்திரமாக இருந்தது.

2020 இல் நொட்டிங்ஹம் நீதிமன்றம் 450,000 பவுண்ஸ் தண்டம் விதித்தது. தொழிலாளியின் களைப்பைக் கவனிக்காததற்காக ரெயில்வேக் கட்டுப்பாட்டு அலுவலகம் போட்ட முதலாவது வழக்கு அது. ஏழு வருடம் எடுத்தது.

அந்த இருவரும் "ஏலாது, எனக்கு நித்திரை வருகுது" என்று ஏன் சொல்லவில்லை என்று கேட்கலாம். அவர்கள் சீரோ அவர்ஸ் ஒப்பந்தத்தில் இருந்தவர்கள். வேலை தந்தால் காசு, தராவிட்டால் இல்லை. இன்றைக்கு ஏலாது என்றால் நாளைக்குப் போன் அடிக்காது. இதை எனக்கோ, கோப்பை கழுவிய அனுபவமுள்ள உங்களுக்கோ யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. "தம்பி, இண்டைக்கு ஒராள் வரேல்லை, நிண்டு செய்துபோட்டுப் போவன்" என்ற வசனத்துக்கு எங்களில் எத்தனை பேரால் இல்லை என்று சொல்ல முடிந்தது?

பிரித்தானிய ரெயில்வேயில் எந்தத் தொழிலாளியும், தனக்கு அல்லது பக்கத்தில் நிற்பவனுக்கு ஆபத்து என்று பட்டால் வேலையை நிறுத்தலாம். அதற்கு எழுதப்பட்ட நடைமுறை இருக்கிறது. நல்ல விசயம். ஆனால் நாளைய சம்பளம் நிச்சயமில்லாதவன் கையில் அந்த உரிமை, வங்கியில் காசில்லாதவன் கையில் இருக்கும் செக் புத்தகம் மாதிரி.

*

இப்போது ஸ்ரைக் கதைக்கு வருவோம்.

2022 யூன் 21 இல் ஆர்எம்ரி யூனியன் தொடங்கிய ஸ்ரைக் பல மாதம் விட்டுவிட்டு நடந்தது. எனக்கும் கஷ்டம்தான். வேலைக்குப் போக இரண்டு பஸ் மாறினேன். பிந்திப் போன நேரத்துக்குச் சம்பளம் வெட்டினார்கள். அந்தக் காசை இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஆகவே ஸ்ரைக்கால் ஒருவருக்கும் நட்டமில்லை என்று நான் சொல்லவில்லை.

ஆனால் சம்பள உயர்வு மட்டும்தான் கேட்டார்கள் என்பது பொய். தண்டவாளப் பராமரிப்பில் ஆட்குறைப்பு என்பதும் அந்தப் பிணக்கின் ஒரு முக்கிய பகுதி. புதிய கருவிகள் வந்தால் தண்டவாளத்தில் ஆட்கள் இறங்கும் தேவையே குறையும் என்று நிர்வாகம் சொன்னது. ஆட்களைக் குறைத்தால் பரிசோதனை குறையும், இரவு வேலை கூடும் என்று யூனியன் சொன்னது. இரண்டு பக்கத்திலும் கேட்கவேண்டிய நியாயம் இருக்கிறது. கருவியால் ஒரு மனிதன் ஆபத்தான இடத்துக்குப் போகாமல் இருந்தால் நானும் கைதட்டுவேன். ஆனால் வேலையை இரவுக்குத் தள்ளிவிட்டு ஆளையும் குறைத்தால், ரெயின் அடிக்கிற ஆபத்தைக் களைப்பு அடிக்கிற ஆபத்தாக மாற்றுகிறீர்கள். இந்த வாதத்தை மேசைக்குக் கொண்டுவர அவர்களுக்கு ஒரு யூனியன் இருந்தது. நாங்கள் அதைச் சோம்பேறித்தனம் என்றோம்.

"ரெயின் ஓட்டுறவன் எவ்வளவு உழைக்கிறான் தெரியுமோ?" என்பது அடுத்த கேள்வி. தெரியும். ஓட்டுநர்களுக்கு நல்ல சம்பளம். அவர்கள் ஒற்றுமையாக நின்று வாங்கியது. அவர்களைப் பார்த்துப் பொறாமைப்படுவதை விட்டுவிட்டு எப்படி வாங்கினார்கள் என்று கேட்கலாம். அதோடு, தண்டவாளத்தில் இரவில் இறங்குகிறவன் வேறு ஆள். அவனை ஒரு கொன்ராக்ரர் எடுப்பார். அந்தக் கொன்ராக்ரருக்கு இன்னொரு கொன்ராக்ரர் ஆள் அனுப்புவார். விபத்து நடந்தால் ஒருவரை ஒருவர் கைகாட்டுவார்கள்.

கொன்ராக்ரர் முறை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ரீபே என்ற இடத்தைப் பாருங்கள். 2004 பெப்ரவரி 15, இன்னும் விடியாத இருட்டு. கும்ப்ரியா மலைப்பகுதியில் தண்டவாளத் துண்டுகள் ஏற்றிய றெயிலர் ஒன்று சறுக்கிக்கொண்டு போய், ஏறக்குறைய மூன்று மைல் கீழே வேலை செய்துகொண்டிருந்த நான்கு பேரைக் கொன்றது. அதன் பிரேக் வேலை செய்யாதபடி வேண்டுமென்றே கழற்றப்பட்டிருந்தது. திருத்தினால் காசு. பிரேக்குக்குப் பதிலாக மரக்கட்டை வைத்திருந்தார்கள். அந்த ஒப்பந்தக்காரர் 2006 இல் மனிதக் கொலைக் குற்றத்தில் மறியலுக்குப் போனார். கீழே நின்ற நால்வரும் எவ்வளவு கவனமாக நின்றிருந்தாலும், இருட்டில் லைற் இல்லாமல் சத்தமின்றி வரும் இரும்பை என்ன செய்திருப்பார்கள்?

*

இதெல்லாம் வெள்ளைக்காரன் பிரச்சினை, எங்களுக்கென்ன என்பவர்களுக்கு ஒரு பழைய கதை. 1942 இலும் 43 இலும் ஜப்பான்காரன் சியாமிலிருந்து பர்மாவுக்கு ஏறக்குறைய 415 கிலோமீற்றர் ரெயில் பாதை போட்டான். மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் ஆயிரமாயிரமாகக் கொண்டுபோகப்பட்டார்கள். வேலையாலும் கொலராவாலும் பட்டினியாலும் செத்தார்கள். அங்கே செத்த வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குக் காஞ்சனபுரியில் பெயர் வெட்டிய கல் இருக்கிறது, புல் வெட்ட ஆள் இருக்கிறது. செத்த தமிழனில் பெரும்பாலானவனுக்குக் கல்லும் இல்லை, பெயரும் இல்லை, சரியான எண்ணிக்கை கூட இல்லை. தொழிலாளியின் சாவை யாரும் எண்ணாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு எங்களைவிடச் சாட்சி யார்?

அது ஜப்பான்காரன் செய்தது என்பீர்கள். சரி, எங்கள் ஊருக்கு வாருங்கள். 2014 ஒக்ரோபரில் யாழ்தேவி திரும்பவும் யாழ்ப்பாணம் வந்தது. எல்லாரும் படம் எடுத்துப் போட்டோம். புதுப் பாதை, வேகமான ரெயின், ஆனால் தடுப்பு இல்லாத கடவைகள் ஏராளம். அந்தக் கடவைகளில் காவல் நிற்க ஊர்ப் பெடியளைத் தற்காலிகமாக எடுத்தார்கள். பொலிசுக்குக் கீழே வேலை, நாளுக்கு 250 ரூபா. நிரந்தர நியமனம் கேட்டு அவர்கள் திரும்பத் திரும்பப் போராடினார்கள். பள்ளிக்கூட வானும் ஓட்டோவும் நிறைந்த ஒரு றோட்டின் உயிர்கள் முழுவதும் ஒருவனின் கையில். அவனுக்கு ஒரு சாப்பாட்டுப் பார்சல் வாங்கவே போதுமோ போதாதோ என்ற சம்பளம். இங்கேயிருந்து கோயில் தேருக்குக் காசு சேர்த்தனுப்பும் எங்கள் சங்கங்களில் எத்தனை அவர்களுக்காக ஒரு கடிதம் எழுதின?

*

இனி, சொல்லவந்த விசயத்தின் கடைசிப் பகுதி. இது சிலருக்கு உறைக்கும்.

இந்த நாட்டு ரெயில்வேயில் பிழைகள் ஆயிரம். ஆனால் அங்கே ஒரு மனிதன் செத்தால் ஏன் செத்தான் என்று கேட்க ஒரு அமைப்பு இருக்கிறது. 1999 இல் லாட்புறோக் குறோவில் 31 பேர் செத்த விபத்தின் விசாரணைக்குப் பிறகு உருவானது, 2005 இலிருந்து இயங்குகிறது. ஆளைப் பிடித்துத் தண்டிப்பது அதன் வேலை இல்லை. காரணத்தைத் தேடுவது மட்டுமே வேலை. அறிக்கையை யாரும் வாசிக்கலாம். பெயர் சொல்லாமல் முறையிட வழி இருக்கிறது. யூனியன் இருக்கிறது.

எங்களுடைய குசினிகளில் என்ன இருக்கிறது?

நான் முன்பு வேலை செய்த ஒரு இடத்தில் ஸ்ரூடன்ற் வீசாவில் வந்த ஒரு பெடியன் இருந்தான். காலை பத்து மணிக்கு வந்தால் நள்ளிரவு தாண்டித்தான் போவான். கிழமைக்கு ஆறு நாள். ஆறாவது நாள் இரவு, கொதித்த எண்ணெய்ச் சட்டியை இறக்கும்போது கை வழுக்கியது. முழங்கையிலிருந்து விரல்வரை வெந்துபோனது. நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். வெளிக்கிடும்போது முதலாளி சொன்ன ஒரே வசனம்: "தம்பி, வீட்டில சமைக்கேக்குள்ள பட்டது எண்டு சொல்லு. உனக்குத்தான் பிரச்சினை." உண்மையில் அவனுக்குத்தான் பிரச்சினை. வீசாவில் கிழமைக்கு 20 மணித்தியாலம்தான் வேலை செய்யலாம். முறைப்பாடு செய்வதென்றால் முதலில் தன்னையே காட்டிக்கொடுக்க வேண்டும். அவன் வீட்டில் பட்டது என்றுதான் சொன்னான். அடுத்த நாள் முதலாளி எங்கள் எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னார்: "கவனமாய் வேலை செய்யவேணும்."

நியூவார்க்கில் செத்த அந்த இருபது வயதுப் பெடியனுக்கும் இவனுக்கும் என்ன வித்தியாசம்? ஒருவனிடம் வான், மற்றவனிடம் எண்ணெய்ச் சட்டி. இருவரிடமும் நித்திரை இல்லை. இருவருக்கும் இல்லை என்று சொல்ல வழி இல்லை. ரெயில்வேயில் ஏழு வருடம் கழித்தாவது ஒரு நீதிபதி கேட்டார். எங்களிடம் ஒருவரும் கேட்பதில்லை. ஏனென்றால் முதலாளி எங்கள் ஊர், எங்கள் கோயிலில் உபயகாரர், விளையாட்டுப் போட்டிக்குக் கப் கொடுப்பவர்.

சட்டம் என்று பார்த்தால் 1974 ஆம் ஆண்டின் வேலைத்தலப் பாதுகாப்புச் சட்டம் தண்டவாளத்துக்கும் குசினிக்கும் ஒன்றுதான். 1998 இல் வந்த வேலை நேர விதிகளின்படி, இரண்டு வேலை நாளுக்கு இடையில் 11 மணித்தியால ஓய்வு எங்களுக்கும் உரியது. கிழமைக்குச் சராசரி 48 மணித்தியாலம் என்ற வரம்பு எங்களுக்கும் உண்டு. அதை மீறுவதற்குத் தொழிலாளி தானாக விரும்பி எழுத்தில் தரவேண்டும். பெரும் ஆபத்து உடனே வரும் என்று நியாயமாக நம்பினால் இடத்தை விட்டு விலகலாம், அதற்காக யாரும் தண்டிக்க முடியாது என்று 1996 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 44 ஆம் பிரிவு சொல்கிறது. வேலைக்கு எடுக்கும்போது இதைப் பற்றி உங்களிடம் கதைத்த ஒரு தமிழ் முதலாளியைக் காட்டுங்கள். நான் இந்தப் பதிவை அழித்துவிடுகிறேன்.

ஆகவே நான் கேட்பது இதுதான். ரெயில்வேக்காரனைச் சோம்பேறி என்று சொல்வதை நிறுத்துங்கள். அவன் பெற்றிருக்கும் பாதுகாப்பு யாரும் தானமாகக் கொடுத்தது இல்லை. கிளப்ஹமில் 35 பேர், ரீபேயில் நான்கு பேர், மார்கத்தில் இரண்டு பேர் என்று விலை கொடுத்து வாங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பாதை பூட்டப்பட்டால், அன்று அந்தப் பாதையில் நிற்பவன் பின்னேரம் வீட்டுக்குப் போவான் என்பதற்கான ஒழுங்கு அது. அதற்காக நாங்கள் கொடுக்கும் விலை ஒரு பஸ் பயணம், ஒரு மணித்தியாலத் தாமதம். தாலிகட்டைப் பார்க்காவிட்டால் சாப்பாட்டுக்காவது போய்ச் சேரலாம்.

உங்களிடம் கடையோ றெஸ்ரோரன்றோ இருந்தால் சுவரில் லட்சுமி படத்துக்குப் பக்கத்தில் ஒரு கடதாசி ஒட்டுங்கள். ஒவ்வொரு பெடியனும் எத்தனை மணிக்கு வந்தான், எத்தனை மணிக்குப் போனான், கடைசியாக எப்போது ஒரு முழுநாள் லீவு எடுத்தான் என்று அதில் எழுதுங்கள். எழுதக் கை கூசினால், ஏன் கூசுகிறது என்று உங்களுக்கே விளங்கும்.